செக்ரோலுக்கு வெளியே: ஜொகூர்த் தமிழ்த் தொழிலாளரும் சங்கத் தலைமையும்

ரப்பர்த் தோட்டங்களில் பொழுது விடியுமுன்னே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு நடக்கும். தோட்ட எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற பேரேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார், ஆட்கள் குரல் கொடுப்பார்கள், மேற்பார்வையாளரான மண்டோர் நிரை பிரித்து அனுப்புவார். அந்தப் பேரேட்டில் பெயர் இருந்தால் கூலி உண்டு. லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் வீடு, பிள்ளையை விட்டுப் போக ஆயாக்கொட்டகை, காய்ச்சலுக்கு டிரெஸ்ஸர் தரும் மருந்து, பிள்ளைக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளி எல்லாமே அந்தப் பெயரோடு சேர்ந்தவை. பெயர் அடிபட்ட நாளில் இவை எல்லாம் ஒருசேரப் போய்விடும். வேலை போனவர் வீட்டையும் இழப்பார், வீடு போனதால் பிள்ளையின் பள்ளியும் போகும்.

மலேசியத் தமிழ்த் தொழிலாளருக்காக எழுந்த சங்கங்களைப் பற்றிப் பேசும்போது அவை வென்று தந்த கூலியையும் தலைவர்களின் பேச்சாற்றலையும்தான் பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. செக்ரோலிலிருந்து பெயர் போன பிறகும் அந்த மனிதரின் பெயரைச் சங்கம் தன் ஏட்டில் வைத்துக்கொண்டதா? எண்பது ஆண்டுக்கும் மேலான நம் சங்க வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு ஜொகூரைவிடப் பொருத்தமான மாநிலம் இல்லை. பழைய தோட்டங்களும் புதிய தொழிற்பேட்டைகளும் எல்லை தாண்டிப் போகும் கூலி வேலையும் ஒரே தலைமுறையின் வாழ்நாளுக்குள் அங்கே அடுத்தடுத்து வந்திருக்கின்றன.

ஜொகூர் ஐக்கிய மலாய் மாநிலங்களில் சேராமல் தனித்திருந்த அரசு. பிரிட்டிஷ் பொது ஆலோசகரை அது 1914இல்தான் முறையாக ஏற்றது. அதற்கு முன்பே, 1909இல், கிம்மாஸ் வழியாக ஜொகூர் பாரு வரை இரயில் பாதை ஓடத் தொடங்கியிருந்தது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று அந்தப் பாதையை ஒட்டியே தோட்டங்கள் பெருகின. 1907இல் உருவான தமிழர் குடியேற்ற நிதி தோட்ட முதலாளிகளிடம் பணம் திரட்டித் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவர வழி செய்தது. ஆள் திரட்டும் கங்காணிகள் தங்கள் ஊர்களுக்குப் போய் உறவுக்காரர்களையும் சாதிக்காரர்களையும் கூட்டி வந்தார்கள். உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு நிறுத்தியபோது ஜொகூரின் உள்நாடெங்கும் தமிழ் லயங்கள் நிலைபெற்றுவிட்டன. பின்னாளில் நாட்டின் அடையாளமாகிவிட்ட செம்பனையையும் கத்ரி நிறுவனம் 1920களிலேயே ஜொகூரில் பெருந்தோட்டமாகப் பயிரிட்டது.

அந்தத் தோட்டங்களுக்குள் சங்கம் நுழைவதே பெரும்பாடு. தோட்டம் தனியார் நிலம். மேலாளரான துரையின் அனுமதி இல்லாமல் உள்ளே காலெடுத்து வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிலாளியை உறவினர் பார்க்க வருவதற்குக்கூடத் தடை சொல்ல முடிந்தது. ஒரு தோட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சில மைல் காடுதான் இருந்தது. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் என்ன கூலி தருகிறார்கள் என்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் உண்டு.

இந்த மதிலை வெளியிலிருந்து தட்டிப் பார்த்த முதல் பெரிய அமைப்பு 1936இல் அமைந்த மலாயா மத்திய இந்தியர் சங்கம். அதை நடத்தியவர்கள் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், வணிகர்கள், பத்திரிகையாளர்கள். இன்றைய பேச்சில் சொன்னால், தொழில்முறையாளர்கள் தங்கள் தகுதியைத் தொழிலாளர் நலனுக்குப் பயன்படுத்த முனைந்த சங்கம். அரசுக்கு மனுக்கள் எழுதினார்கள். இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி 1936 இறுதியில் மலாயா வந்து தோட்டங்களைப் பார்த்து, மறு ஆண்டு அறிக்கை தந்தார். கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்று அவர் சொன்னாலும், பொதுவாக நிலைமை திருப்தி என்றே எழுதினார். சங்கத்தினருக்கு அது ஏமாற்றம். நேரு 1937இல் வந்தபோது உங்கள் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டுங்கள் என்று இடித்துச் சொன்ன பிறகுதான் மேல்தட்டுத் தலைவர்கள் தோட்டப்புறத்தின் பக்கம் திரும்பினார்கள்.

திரும்பிய சிலரில் ஆர். எச். நாதன் முதன்மையானவர். தமிழ் நேசன் பத்திரிகையின் துணையாசிரியராக இருந்தவர். கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர்களோடு சேர்ந்து சங்கம் கட்டினார். 1941இல் அங்கே வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை இப்போது படித்தாலும் மனம் கனக்கிறது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கூலியோடு மானத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் விட்டார்கள். கிள்ளான் சிலாங்கூரில் இருக்கிறது. ஆனாலும் ஜொகூர்த் தோட்டங்களுக்குப் பின்னால் வந்த எந்தச் சங்கத்தையும் கிள்ளானை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. படித்தவர் மனு எழுதிக்கொண்டிருந்தவரை அரசு பொறுத்துக்கொண்டது. படித்தவரும் பால் வெட்டுகிறவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்த அன்றே அடக்குமுறை வந்தது. இந்தச் சேர்க்கையின் வலிமையை நம் படித்தவர்களைவிட அன்றைய ஆட்சியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பிறகு ஜப்பானியர் காலம். சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டார்கள். பெருந்தொகையினர் திரும்பவில்லை. போர் முடிந்த 1945க்குப் பின் நாடெங்கும் சங்கங்கள் வேகமாக முளைத்தன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக எஸ். ஏ. கணபதி உயர்ந்தார். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சங்கத் தலைமை என்பது உயிரை ஈடு வைக்கும் காரியமாக இருந்த காலம் அது. அவசரகாலத்தின் கொடுமையை மிக அதிகமாகச் சுமந்த மாநிலங்களில் ஜொகூர் ஒன்று. தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன.

அந்த அச்சத்தின் நடுவே கட்டப்பட்டதுதான் 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். மாநில அளவில் தனித்தனியாக இயங்கிவந்த சங்கங்கள் ஒன்றாக இணைந்தன. ஜொகூர்த் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அவற்றில் ஒன்று. பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன் கேரளத்தில் பிறந்தவர், நெகிரி செம்பிலானில் சங்கப் பணியைத் தொடங்கியவர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரோடு நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கமாக அது வளர்ந்தது. முதலாளிகளின் அமைப்போடு நேருக்கு நேர் உட்கார்ந்து நாடு தழுவிய கூலி ஒப்பந்தம் போட்டது. சிகாமட்டில் பால் வெட்டுபவருக்கும் சுங்கை சிப்புட்டில் பால் வெட்டுபவருக்கும் ஒரே விகிதத்தில் கூலி என்பது அந்த ஒப்பந்தங்களால் வந்தது. மிரட்டிய துரையிடம் தனியாளாக நின்று பேச வேண்டியிருந்த தொழிலாளிக்குப் பின்னால் முதன்முறையாக ஒரு தேசிய அமைப்பு வந்து நின்றது. 1962இல் நாராயணனுக்கு மகசேசே விருது கிடைத்தது. 1975இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் உலகக் கூட்டமைப்புக்கு அவர் தலைவரானார். வளரும் நாடு ஒன்றிலிருந்து அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் மனிதர் அவர்தான். தோட்டத் தொழிலாளர் சங்கத்திலிருந்து ஒருவர் உலகத் தொழிற்சங்க இயக்கத்தின் தலைமைக்குப் போனார் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? எனக்கு இது தீராத வருத்தம்.

இந்தச் சாதனைக்குள்ளேயே ஒரு பலவீனமும் இருந்தது. சங்கம் செக்ரோலின் மேல் நின்றது. சந்தா சம்பளத்திலிருந்து நேரே பிடிக்கப்பட்டு வந்தது. ஒப்பந்தம் முதலாளிகள் அமைப்பில் சேர்ந்திருந்த பெரிய தோட்டங்களையே கட்டுப்படுத்தியது. அதற்கு வெளியே இருந்த சிறு தோட்டத்து ஆளுக்கு அதன் நிழல்தான் எட்டியது. ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்தவருக்கு அதுவும் இல்லை. வேலை நீங்கியவர் அந்த மாதத்தோடு உறுப்பினர் என்ற நிலையையும் இழந்தார். சம்பளத்தில் பிடித்து வரும் சந்தாவால் சங்கத்துக்கு வருமானம் உறுதியானது. ஆனால் உறுப்பினரை மாதாமாதம் முகம் பார்த்து, அவர் சொல்வதைக் கேட்டுச் சந்தா வாங்க வேண்டிய கட்டாயம் தலைமைக்கு இல்லாமல் போனது. பால் வெட்டுக் காட்டில் ஆணுக்கு நிகராகப் பெண்கள் உழைத்தார்கள். மேடையிலும் பேச்சுவார்த்தை மேசையிலும் ஆண்களே இருந்தார்கள். அடுத்து வந்த சோதனையில் இந்தக் குறைகள் எல்லாம் வெளிப்பட்டன.

அந்தச் சோதனையின் பெயர் தோட்டத் துண்டாடல். அவசரகாலமும் விடுதலை நெருங்கியதும் சேர்ந்து பிரிட்டிஷ் முதலாளிகள் பலரை 1950களில் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தூண்டின. வாங்கிய கூட்டங்கள் நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி விற்றுக் கொள்ளை லாபம் பார்த்தன. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வாங்கியவருக்கு நூறு குடும்பங்கள் வாழும் லயம் தேவைப்படவில்லை. லயத்துக்குத் தண்ணீர் நின்றது, மருந்தகம் மூடப்பட்டது, பெயர்கள் அடிக்கப்பட்டன. இதை முறையாக ஆராய்ந்து ஆவணமாக்கியவர் பொருளியல் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ். அவர் ஜொகூர் அரச குடும்ப வழியினர், ஜொகூர் பாருவிலும் பத்து பஹாட்டிலும் படித்தவர். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றிய அந்த ஆய்வு, விற்பனைப் பத்திரங்களுக்குப் பின்னால் வேரோடு பிடுங்கப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அரசின் கண்முன் வைத்தது. நாட்டில் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியாகவும் அவரே பின்னர் விளங்கினார். ஒரு மலாய் அறிஞர் தமிழ்த் தொழிலாளரின் துயரை இத்தனை கவனமாகக் கணக்கெடுத்தார் என்பதை நாம் நன்றியோடு சொல்லியாக வேண்டும்.

துண்டாடலுக்கு வி. தி. சம்பந்தன் கண்ட விடை தொழிற்சங்கத்திலிருந்து முற்றிலும் வேறான வடிவம் கொண்டது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த அவர் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சில நாள் கூலி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார், லயத்து வாசலில் நின்று பேசினார். மரத்தில் பால் வெட்டுகிறவன் மண்ணுக்கும் உரியவனாகலாம் என்ற நினைப்பை அவர்கள் மனத்தில் ஊன்றினார். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் முதலில் வாங்கியது. அதன்பின் ஒவ்வொன்றாகப் பல தோட்டங்கள் தொழிலாளர் பணத்தில் கைமாறின. 1979இல் அவர் மறைந்த பிறகு அவருடைய துணைவியார் தோ புவான் உமா சம்பந்தன் அந்தப் பணியின் தலைமையை ஏற்று நடத்தினார்.

நாராயணனையும் சம்பந்தனையும் எதிரெதிராக நிறுத்தி, யார் பெரியவர் என்று பட்டிமன்றம் நடத்துவது நம் பழக்கம். அதில் எனக்கு விருப்பமில்லை. இரண்டு அமைப்புகளின் கட்டுமானத்தில் இருந்த ஒரு வேறுபாடுதான் என் கவனத்தை ஈர்க்கிறது. தொழிற்சங்க உறுப்புரிமை வேலையிடத்தோடு ஒட்டியது. கூட்டுறவுப் பங்கு ஆளோடு ஒட்டியது. தோட்டம் விற்கப்பட்டாலும், வேலை போனாலும், குடும்பம் பட்டணத்துக்குப் பெயர்ந்தாலும் பங்குதாரர் பங்குதாரரே. ஆண்டுக்கூட்டத்தில் அவருக்கு ஒரு வாக்கு உண்டு. பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் இங்கும் ஒரு வாசற்படி இருந்தது. மாதம் பத்து வெள்ளி ஒதுக்க முடியாதவர்கள், அதாவது துண்டாடலில் முதலில் விழுந்தவர்கள், அந்தப் படியில் ஏற முடியவில்லை.

தொழிற்சங்கமும் நிலத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதன் வணிக அமைப்பு வழியாக நெகிரி செம்பிலானில் தொடங்கிய காட்கோ குடியேற்றத் திட்டம் நிலமற்ற தோட்டத் தொழிலாளரைக் குடியானவராக்க எண்ணியது. திட்டம் கடனில் சிக்கியது, நில உரிமைத் தகராறு பல பத்தாண்டுகள் நீண்டு நீதிமன்றம் வரை போனது. கனவு பெரிதாக இருந்தால் கணக்கும் அந்த அளவுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற பாடத்துக்குக் காட்கோ குடியேறிகள் தங்கள் வாழ்நாளை விலையாகக் கொடுத்தார்கள்.

அதற்கு முன்பே அடி மேல் அடி விழுந்திருந்தது. 1968இல் வந்த சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்றது. பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே அந்நியராகிப் போன ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் 1969ஐ ஒட்டிய காலத்தில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்ப ஆள் இல்லாமல், பிறப்புப் பத்திரம் இல்லாமல், அதன் தேவையை யாரும் எடுத்துச் சொல்லாமல் விடப்பட்டவர்கள் அவர்களில் மிகப் பலர். 1957க்கும் 1969க்கும் இடையே ஒவ்வொரு தோட்டத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் இங்கேயே தங்கியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது. கிராணிமார், ஆசிரியர்கள், டிரெஸ்ஸர்கள் என்று படித்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களில் சிலர் அந்த மேசையைப் போட்டார்கள். அதை ஒரு சங்கத்தின் கடமையாக்கி நாடு முழுதும் நடத்தத் தலைமைதான் இல்லை.

தென்கிழக்கு ஜொகூரில் 1970களில் பெருங்காடுகள் திருத்தப்பட்டு அரசின் ஃபெல்டா நிலக் குடியேற்றங்கள் எழுந்தன. அவற்றில் இடம் பெற்ற இந்தியக் குடும்பங்கள் மிகச் சொற்பம். தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஏக்கருக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. குலை வெட்டுவது ஆண்களுக்கு, உதிரிப்பழம் பொறுக்குவது பெண்களுக்கு என்று வேலை பிரிந்ததில் பெண்களின் வருமானம் சரிந்தது. 1980களிலிருந்து ஒப்பந்தக்காரர்கள் வழியாக இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர் வந்தனர். நம் முன்னோர் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள்: ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட உரிமம், கடன் வாங்கிக் கட்டிய தரகுப் பணம், பறிக்கப்பட்ட கடப்பிதழ். 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின்பேரில் சைம் டார்பி பிளாண்டேஷனின் பாமாயிலைத் தடை செய்தது. தொழிலாளர் கட்டிய தரகுப் பணத்தை நிறுவனம் திருப்பித் தந்து, சீர்திருத்தங்கள் செய்த பிறகு 2023இல்தான் தடை நீங்கியது. உள்ளூர்ச் சங்கங்கள் பல காலம் பேசியும் நகராத ஒன்றை வெளிநாட்டுச் சந்தை நகர்த்தியது. வெளிநாட்டுத் தொழிலாளர் சங்கத்தில் சேரச் சட்டம் தடுக்கவில்லை. பொறுப்புக்கு வரத்தான் தடை இருந்துவந்தது. அவர்களைப் போட்டியாளராகப் பார்க்கும் தமிழர்கள் நம்மிடையே நிறைய. கங்காணி கூட்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அப்படிப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்றைய ஜொகூருக்கு வருவோம். பாசிர் கூடாங் துறைமுகம் 1977இல் இயங்கத் தொடங்கியது. இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் 2006இல் அறிவிக்கப்பட்டது. தோட்டங்கள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. மாநிலத்தில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல இன்னும் தோட்டப் பெயரையே தாங்குகின்றன. லாடாங் ரினி தமிழ்ப்பள்ளியைச் சுற்றி இன்று ரப்பர் மரம் கிடையாது, முத்தியாரா ரினி என்ற நகர்ப்பகுதிதான் இருக்கிறது. மாசாய் தமிழ்ப்பள்ளி போன்ற நகர்ப்புறப் பள்ளிகள் பிள்ளைகளால் நிரம்பி வழிய, உள்நாட்டுத் தோட்டப் பள்ளிகள் சில விரல்விட்டு எண்ணும் மாணவரோடு நடக்கின்றன.

அந்தப் பள்ளிகளில் படித்து வெளிவந்தவர்கள் இன்று பாதுகாவலராக, லாரி ஓட்டுநராக, மின்னணுத் தொழிற்சாலை ஊழியராக, உணவு விநியோகிப்பவராக இருக்கிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் அவர்களுள் அடக்கம். நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் எல்லை அது. மலேசியத் தொழிற்சங்கங்களின் அதிகாரம் அந்தப் பாலத்தின் நடுவோடு முடிகிறது. நிரந்தரவாசத் தகுதி இல்லாத மலேசியருக்குச் சிங்கப்பூரின் சேமநிதி கிடையாது. மலேசிய சேமநிதிக்குத் தாமாகவே கட்டினால்தான் முதுமைக்கு ஏதேனும் மிஞ்சும். மின்னணுத் துறைத் தொழிலாளருக்கு நீண்ட காலம் தேசியச் சங்கம் மறுக்கப்பட்டு, 2009இல்தான் வட்டாரச் சங்கங்களுக்கு வழி பிறந்தது. தென் வட்டாரச் சங்கம் ஜொகூரையும் உள்ளடக்கியது. பாதுகாவலரோ அடிக்கடி மாறும் ஒப்பந்த நிறுவனங்களின் கீழ் வேலை செய்கிறார். இவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தச் சங்கத்தின் ஏட்டிலும் இல்லை.

வேலையிடம் நிலையாக இல்லாதவரைச் சங்கமாக்க முடியுமா என்ற ஐயத்துக்கு இந்தியாவில் விடை கிடைத்திருக்கிறது. 1972இல் அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பைப் பதிவு செய்ய அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். தலைச்சுமைப் பெண்களுக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் முதலாளி யார், யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேட்டார்கள். உறுப்பினரின் ஒற்றுமைக்கே சங்கம் என்று வாதாடிப் பதிவு பெற்றார் இலா பட். இரண்டு ஆண்டில் அந்தப் பெண்களே தங்களுக்கு ஒரு கூட்டுறவு வங்கி அமைத்துக்கொண்டார்கள். நாராயணன் தனியாகவும் சம்பந்தன் தனியாகவும் செய்ததை அவர்கள் ஒரே கூரையின் கீழ் செய்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பும் சேரிகளிலும் மீனவர் குப்பங்களிலும் அதே வழியில் நடந்தது. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்து, பின்னர் நல வாரியங்கள் அமைந்தன. கட்டடத் தொழிலாளியின் வாரிய அட்டை அவர் எந்த மேஸ்திரியிடம் வேலை செய்தாலும் செல்லும். பிள்ளையின் படிப்புதவி, விபத்து இழப்பீடு, ஓய்வூதியம் அந்த அட்டையைப் பின்தொடர்ந்து வருகின்றன. வாரியங்களில் தாமதமும் முறைகேடும் உண்டுதான். பெயர் ஆளோடு போகிறது என்ற அடிப்படை மட்டும் சரியாக அமைந்துவிட்டது.

ஜொகூரில் இன்று ஒரு தொழில்முறைச் சங்கத்தையோ சமூகச் சங்கத்தையோ வழிநடத்துகிறவருக்கு 1936இல் இருந்தவர்களைவிடக் கருவிகள் மிகுதி. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 98 நாளாக்கியது, வார வேலை நேரத்தை 45 மணியாகக் குறைத்தது, வேலையில் பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்கத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தந்தது. 2024 செப்டம்பரில் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் ஒரே தொழில், ஒரே துறை என்ற பழைய எல்லையைத் தளர்த்தியது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி 2025இல் 1,700 வெள்ளியை எட்டியது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பாதுகாவலரின் சாவடிக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும்.

நான் அறிந்தவரை, நம் சங்கங்கள் பலவற்றில் சமூகசேவை என்பது ஆண்டுக்கு ஒருமுறை அரிசி மூட்டை கொடுப்பதும் மாணவர்க்குப் பரிசளிப்பதும் படம் எடுத்துக்கொள்வதுமாகச் சுருங்கியிருக்கிறது. அரிசி தேவையானவருக்கு அரிசி தரத்தான் வேண்டும். அந்த வீட்டுக்குள் போனவர் மேலும் நான்கு கேள்வி கேட்டு வந்தால் அந்தச் சேவையின் தன்மையே மாறிவிடும். வீட்டில் எல்லோருக்கும் மைகாட் அடையாள அட்டை இருக்கிறதா? குடியுரிமை இல்லாமல் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டி யார், பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளை யார்? முதலாளி சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்குக் கட்டுகிறாரா? விபத்தில் கை முடமாகி வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு 2007 முதல் பெர்கேசோ நடத்திவரும் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைப் பற்றி யாராவது சொன்னார்களா? மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. அரசு வேலையில் அவர்களுக்கு ஒரு விழுக்காடு என்ற கொள்கையும் உண்டு. மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்துகொள்ளாதவருக்கு இவற்றில் எதுவும் எட்டாது. செம்பனை ஆலையில் இருபது ஆண்டு கொதிகலனோடும் பட்டறையோடும் பழகியவர் கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லாமல் கூலியாளாகவே தொழிற்பேட்டையில் நிற்கிறார். முன் அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. அனுபவத்தைக் கோப்பாக எழுதித் தர ஒரு பொறியாளர் நான்கு மாலைகள் செலவிட்டால் அந்த மனிதரின் சம்பளமே வேறாகும். பொறியாளர்களும் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த சங்கங்கள் ஜொகூர் பாருவில் இதைச் செய்ய முடியும்.

இதற்குத் தலைமை எப்படி அமைய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. செயற்குழுவில் பாதிப் பேர் யாருக்காகச் சங்கம் பேசுகிறதோ அவர்களாகவே இருக்க வேண்டும்: தொழிற்சாலை இரவு முறையில் வேலை செய்யும் பெண், பாலம் கடக்கும் இளைஞர், சக்கர நாற்காலியில் இருப்பவர். கூட்டம் அவர்களுக்கு வசதியான நேரத்தில், அவர்கள் வர முடிந்த இடத்தில் நடக்க வேண்டும். ஐந்து நட்சத்திர விடுதியில் நடக்கும் விருந்துக்குப் பாதுகாவலர் வரமாட்டார், வந்தால் வாசலில் நிற்பார். தலைவர் பதவிக்குக் கால வரம்பு வேண்டும். நம் பெரிய சங்கங்களில் தலைமை ஒரே கையில் பல பத்தாண்டு தங்கியதால் அடுத்த வரிசை உருவாகாமலே போனது. கணக்கு உறுப்பினர் மொழியில் எழுதப்பட்டு அச்சாக வேண்டும். சந்தா சிறிதாக இருக்கட்டும், ஆனால் ஒருவர் நேரில் போய் வாங்கட்டும். வாங்கப் போகிறவர் கதவைத் தட்டும்போதுதான் வேலை போன செய்தி, வீடு மாறிய செய்தி, மகள் படிப்பை நிறுத்திய செய்தி சங்கத்துக்கு வந்து சேரும்.

ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. கூலாய் பக்கம் செடெனாக்கில் பழைய தோட்ட நிலங்களின் நடுவே தரவு மையங்கள் எழுகின்றன. ஜொகூர் பாருவிலிருந்து ஊட்லண்ட்ஸ் வரை நான்கு கிலோமீட்டர் விரைவு இரயில் மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லத் திட்டமிடப்பட்டிருக்கிறது. இவற்றில் வரப்போகும் வேலைகளுக்கு என்ன சான்றிதழ் வேண்டும், எந்த மொழித்தேர்வு வேண்டும், மாற்றுத்திறனாளிக்கு எத்தனை இடம் என்ற விதிகள் இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. முதலாளிகளின் சங்கங்களும் வணிகச் சங்கங்களும் தங்கள் கோரிக்கைகளைத் தட்டச்சு செய்து அனுப்பி வருகின்றன. மாசாயிலும் ஸ்கூடாயிலும் உலு திராமிலும் வாழும் தொழிலாளர் குடும்பங்களின் சார்பில் அனுப்பப்பட வேண்டிய மனுவை எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதை எழுதுமுன் அந்தக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதி, ஒரு ஏட்டைத் திறக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.